தங்கத்தூள் தின்ற கோழி

1948-ம் வருடம், டிசம்பர் 25. கிறிஸ்துமஸ். நியூயார்க் நகரத்துக்கு வடக்கே பேர்ல் ரிவர் என்று ஒரு சின்ன ஊர். அங்கே லெடர்லே என்கிற மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் அன்றைக்கு ஈ, காக்கை கிடையாது. அத்தனை பேரும் பண்டிகை கொண்டாடப் போய்விட்டார்கள். ஒரே ஒரு மனிதர் மட்டும் கோழிக்குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, தராசில் வைத்து, எடை குறித்துக்கொண்டிருந்தார்.

பெயர் தாமஸ் ஜூக்ஸ். இங்கிலாந்தில் பிறந்து, கனடாவில் படித்து, அமெரிக்காவில் செட்டில் ஆனவர். கோழிக்கு என்ன போட்டால் என்ன ஆகும் என்பதில் நிபுணர். அன்றைக்கு அவர் நோட்டில் எழுதிய எடைக்கணக்கு, உலகத்தின் சாப்பாட்டுத் தட்டையும் ஆஸ்பத்திரி வார்டையும் ஒரே கயிற்றில் கட்டிப்போடப் போகிறது என்பது அவருக்கே தெரியாது.

இன்றைக்குக் கடையில் 'ஆன்டிபயாடிக் போடாத கோழி', 'மூலிகைக் கோழி' என்றெல்லாம் லேபிள் ஒட்டி, கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாக வாங்குகிறார்கள் அல்லவா? அந்த லேபிளின் கதை ஆரம்பிக்கிற இடம் இந்தத் தராசுதான். மூலிகை உண்மையிலேயே வேலை செய்கிறதா, அல்லது அதுவும் வியாபாரமா என்று தெரியவேண்டுமானால், முதலில் மருந்து எதற்காகத் தீவனத்துக்குள் வந்தது என்று தெரியவேண்டும்.

ஜூக்ஸ் அன்றைக்குத் தேடிக்கொண்டிருந்தது மருந்தை அல்ல, ஒரு வைட்டமினை. அமெரிக்காவில் மீன் தூள் விலை எகிறிக் கிடந்தது. கோழித் தீவனத்தில் அதை நிறுத்திவிட்டு மலிவான சோயாவைப் போட்டுப் பார்த்தார்கள். குஞ்சுகள் வளரவில்லை. மாமிசத்தில் இருக்கிற ஏதோ ஒன்று சோயாவில் இல்லை. அது என்ன? அதே 1948-ல் மெர்க் கம்பெனிக்காரர்கள் ஈரலிலிருந்து அதைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். வைட்டமின் பி-12. ஆன்டிபயாடிக் தயாரிக்கிற நுண்ணுயிர்கள் சிலவும் இந்த வைட்டமினை உண்டாக்குகின்றன என்பதும் தெரியவந்தது.

ஜூக்ஸுக்குப் பொறி தட்டியது. 'அட, நம் கம்பெனியிலும்தானே ஓர் ஆன்டிபயாடிக் காய்ச்சுகிறோம்!'

அந்த மருந்தின் பெயர் ஆரியோமைசின். எழுபது வயதைத் தாண்டிய பெஞ்சமின் டக்கர் என்ற தாவரவியல் பேராசிரியர், ரிட்டயர்மென்ட்டுக்குப் பிறகு லெடர்லேயில் சேர்ந்து, மிசௌரி பல்கலைக்கழகத்து வயல் ஒன்றின் மண்ணிலிருந்து கண்டுபிடித்துக் கொடுத்தது. தங்க மஞ்சள் நிறத்தில் இருந்ததால் தங்கத்துக்கான லத்தீன் சொல்லை வைத்தே பெயர் சூட்டிவிட்டார்கள். இந்த மருந்தைப் பெரிய பெரிய தொட்டிகளில் புளிக்க வைத்து, வடித்து எடுத்தபிறகு அடியில் ஒரு சக்கை மிஞ்சும். தூக்கிப் போடவேண்டிய சமாச்சாரம். ஜூக்ஸ் அந்தச் சக்கையைக் குஞ்சுகளுக்குப் போட்டுப் பார்த்தார். இன்னொரு கூட்டத்துக்கு விலை உயர்ந்த ஈரல் சாறு.

கிறிஸ்துமஸ் அன்று தராசு என்ன சொன்னது? ஈரல் சாறு சாப்பிட்ட குஞ்சுகளைவிடச் சக்கை சாப்பிட்ட குஞ்சுகளின் எடை அதிகம்.

முதலில் எல்லாம் வைட்டமின் உபயம் என்றுதான் நினைத்தார்கள். கணக்கு உதைத்தது. வைட்டமினால் மட்டும் அத்தனை எடை ஏற வாய்ப்பில்லை. ஜூக்ஸும் அவருடைய சகா ராபர்ட் ஸ்டாக்ஸ்டட்டும் தோண்டிப் பார்த்ததில், சக்கையில் ஒட்டிக்கொண்டிருந்த துளியூண்டு ஆரியோமைசின்தான் அந்த வேலையைச் செய்திருந்தது. 1950 ஏப்ரலில் விஷயத்தை வெளியிட்டார்கள். நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் போட்டது, அதிசய மருந்து வளர்ச்சியை 50 சதவிகிதம் கூட்டுகிறது என்று. அடுத்த வருடமே, 1951-ல், டாக்டர் சீட்டு எதுவும் இல்லாமல் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலக்கலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பச்சைக்கொடி காட்டிவிட்டது.

இங்கே கொஞ்சம் கணக்குப் பார்க்கவேண்டும். ஒரு பிராய்லர் கோழியை வளர்க்கிற செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தீவனத்துக்கே போய்விடும். ஒரு கிலோ கறிக்கு எத்தனை கிலோ தீவனம் என்பதுதான் தொழிலின் மூச்சு. பண்ணைக்காரர்கள் இதை எஃப்.சி.ஆர் என்பார்கள். அதில் ஐம்பது கிராம் குறைந்தால்கூட, லட்சம் கோழி வைத்திருக்கிறவருக்கு டன் கணக்கில் தீவனம் மிச்சம். அப்படியிருக்க, டன்னுக்குச் சில கிராம் மருந்து கலந்தால் போதும் என்றால் யார்தான் விடுவார்கள்? மருந்துக் கம்பெனிக்குக் குப்பை காசானது. பண்ணைக்காரருக்குத் தீவனம் மிச்சமானது. சாப்பிடுகிறவருக்குக் கோழி மலிவானது. எல்லோருக்கும் லாபம்!

லாபம் எல்லோருக்கும் என்றால் நஷ்டம் யாருக்கு? அந்தச் செலவு இன்னும் யார் நோட்டிலும் ஏறவில்லை, அவ்வளவுதான்.

*

இரண்டு பேர் அப்போதே உண்மையைச் சொல்லிவிட்டார்கள். காதில் வாங்கத்தான் ஆளில்லை.

முதலாமவர், பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங். 1945 டிசம்பரில் நோபல் பரிசு வாங்கிக்கொண்டு பேசிய உரையிலேயே எச்சரித்தார். கிருமியைக் கொல்லாத அளவுக்குக் கொஞ்சூண்டு மருந்தைக் காட்டிக்கொண்டே இருந்தால் அது மருந்துக்குப் பழகிவிடும், அப்புறம் சாகாது என்பது அதன் சாரம். கொல்லாத அளவுக்குக் கொஞ்சூண்டு. கோழித் தீவனத்தில் கலந்தது மிகச்சரியாக அந்த அளவுதான்.

இரண்டாவது, இங்கிலாந்தில் ரெடிங் நகரத்துக்குப் பக்கத்து ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த மேரி கோட்ஸ் என்ற பெண்மணி. ஆன்டிபயாடிக் ஏன் குஞ்சுகளை வளர்க்கிறது என்று ஐம்பதுகளின் ஆரம்பத்தில் இவரும் இவருடைய சகாக்களும் ஆராய்ந்தார்கள். விசித்திரமான ஒரு விஷயம் தட்டுப்பட்டது. அதுவரை கோழியே வளர்த்திராத புத்தம்புதிய, சுத்தமான இடத்தில் குஞ்சுகளை வளர்த்துப் பார்த்தால், மருந்து போட்டதற்கும் போடாததற்கும் வித்தியாசமே இல்லை! பிற்பாடு 1963-ல் கிருமியே அண்டாத கூண்டில் வைத்து வளர்த்துப் பார்த்தார்கள். அங்கேயும் மருந்தால் பிரயோஜனம் இல்லை.

புரிகிறதா? ஆன்டிபயாடிக் கோழியை வளர்க்கவில்லை. அழுக்குக் கொட்டகையில், நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கிற கோழியின் குடலுக்குள் சதா ஒரு சின்னச் சண்டை நடந்துகொண்டே இருக்கிறது. தின்கிற தீவனத்தில் ஒரு பங்கு அந்தச் சண்டைச் செலவுக்குப் போய்விடுகிறது. மருந்து அந்தச் சண்டையை அமுக்கியது. மிச்சமான தீவனம் கறியானது. சுருக்கமாகச் சொன்னால், விளக்குமாறு செய்யவேண்டிய வேலையை ஆரியோமைசின் செய்துகொண்டிருந்தது. விளக்குமாற்றுக்கு ஆள் கூலி கொடுக்கவேண்டும். மருந்துக்கு அது மிச்சம்.

*

கிருமிகள் சும்மா இருக்குமா?

எழுபதுகளில் அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்துப் பண்ணை ஒன்றில் ஸ்டூவர்ட் லெவி என்ற டாக்டர் ஒரு பரிசோதனை செய்தார். வேடிக்கை என்னவென்றால், இதற்குப் பணம் கொடுத்ததே கால்நடை மருந்துக் கம்பெனிகளின் சங்கம்தான். 'ஒன்றும் ஆகாது' என்று நிரூபித்துவிடலாம் என்கிற நம்பிக்கை. பாதிக் குஞ்சுகளுக்கு டெட்ராசைக்ளின் வகை மருந்து கலந்த தீவனம். மீதிக்கு வெறும் தீவனம். ஒரே வாரம். மருந்து தின்ற கோழிகளின் வயிற்றில் இருந்த பாக்டீரியாக்களில் ஏறக்குறைய எல்லாமே அந்த மருந்துக்கு அசையாதவையாக மாறிவிட்டன. ஐந்தாறு மாதத்தில், மாத்திரையே சாப்பிடாத பண்ணை வீட்டு மனிதர்களின் வயிற்றிலும் அதே ஜாதி பாக்டீரியா! 1976-ல் ஆய்வு வெளியானது.

1977-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பெனிசிலினையும் டெட்ராசைக்ளினையும் தீவனத்திலிருந்து எடுக்கலாம் என்று முன்மொழிந்தது. பண்ணைத் தொழில் பெரிய தொழில். 'இன்னும் ஆராய்ச்சி செய்யுங்கள்' என்று நாடாளுமன்றத்தில் முட்டுக்கட்டை போட்டார்கள். ஃபைல் தூங்கியது. எத்தனை வருடம்? அமெரிக்காவில் எடை கூட்டுவதற்காக முக்கியமான ஆன்டிபயாடிக்குகளைப் போடுவது நின்றது 2017 ஜனவரியில். நாற்பது வருடம்!

ஐரோப்பாவின் கதை வேறு. பிரிட்டன் 1968-லேயே ஸ்வான் என்ற விலங்கியல் பேராசிரியர் தலைமையில் கமிட்டி போட்டு, அதன் சிபாரிசுப்படி எழுபதுகளின் தொடக்கத்தில் பெனிசிலினையும் டெட்ராசைக்ளினையும் எடை கூட்டுவதற்குப் பயன்படுத்தக்கூடாது என்றது. மனிதர்களுக்குக் கொடுக்கிற மருந்தைக் கோழிக்குக் கொடுக்காதே என்பது தத்துவம். நல்ல தத்துவம். ஆனால், கம்பெனிகள் ஒரு சந்து கண்டுபிடித்தன. மனிதர்களுக்குக் கொடுக்காத மருந்தாகப் பார்த்துக் கொடுத்தால் போயிற்று! அப்படி வந்ததுதான் அவோபார்சின்.

ஒரு சின்னச் சிக்கல். அவோபார்சின், வான்கோமைசின் என்ற மருந்துக்கு ஒன்றுவிட்ட சகோதரன். எண்பதுகளில் ஆஸ்பத்திரிக் கிருமிகள் மற்ற மருந்துகளுக்கு டிமிக்கி கொடுக்க ஆரம்பித்தபோது, டாக்டர்கள் கடைசி ஆயுதமாகக் கையில் எடுத்தது இந்த வான்கோமைசினைத்தான். டென்மார்க்கில் 1994-ம் வருடத்துக் கணக்கு இது. அந்த நாட்டு மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கச் செலவான வான்கோமைசின் 24 கிலோ. கால்நடைகளும் கோழிகளும் தின்ற அவோபார்சின் 24,000 கிலோ.

ஒருத்தனுக்குப் பழகிய கிருமி இன்னொருத்தனுக்கும் பயப்படாது. கோழிப் பண்ணைகளில் தேடிப் பார்த்தால், வான்கோமைசினுக்கு அசையாத கிருமி கூடை கூடையாகக் கிடைத்தது. 1995-ல் டென்மார்க் அவோபார்சினைத் தடை செய்தது. அந்த வருடம் டென்மார்க் பிராய்லர்களிடமிருந்து எடுத்த குறிப்பிட்ட ஒரு வகைக் குடல் கிருமியில் நூற்றுக்கு 73 இப்படி மருந்துக்கு மசியாதது. 2000-ல் அது நூற்றுக்கு 6.

அவர்களுக்கு முன்பே துணிந்தது ஸ்வீடன். 1986-லிருந்தே வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் போடக்கூடாது என்று முழுத்தடை. கேட்டு வாங்கியது யார் என்று நினைக்கிறீர்கள்? ஸ்வீடன் விவசாயிகளின் சங்கமே. ஜனங்களுக்கு நம் கறிமேல் நம்பிக்கை போய்விட்டால் வியாபாரம் போச்சு என்கிற கணக்கு. சும்மா சொல்லக்கூடாது, நல்ல கணக்கு. கடைசியில் 2006 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய யூனியன் முழுவதும் தடை வந்தது.

*

மருந்தை எடுத்தாயிற்று. கோழிக்கு வயிற்றுக்கடுப்பு வந்தால்?

வந்தது. ஸ்வீடனில் ஆரம்பத்தில் பிராய்லர்களுக்குக் குடல் அழுகல் நோய் தொல்லை கொடுத்தது. பன்றிக்குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு. எனவே மாற்று தேட ஆரம்பித்தார்கள். அந்தத் தேடலில் மிக அழகான கண்டுபிடிப்பு, தடைக்கெல்லாம் முன்பே, பக்கத்து நாடான பின்லாந்தில் நடந்திருந்தது.

1971-ல் பின்லாந்துப் பண்ணைகளில் சால்மொனெல்லா கிருமி தலைவிரித்தாடியது. எஸ்கோ நுர்மி என்ற கால்நடை விஞ்ஞானிக்கு ஒரு சந்தேகம். வளர்ந்த கோழிக்குச் சுலபத்தில் தொற்றாத இந்தக் கிருமி, பிறந்த குஞ்சை மட்டும் ஏன் இந்தப் பாடு படுத்துகிறது?

யோசித்துப் பாருங்கள். கிராமத்து வீட்டில் கோழி அடைகாக்கிறது. குஞ்சு பொரிந்து வந்ததும் தாயின் இறக்கைக்குள் போகிறது, தாய் கிளறிய மண்ணைக் கிளறுகிறது, அதன் எச்சத்தையும் கொத்துகிறது. அந்த எச்சத்தோடு தாயின் வயிற்றிலிருக்கிற நல்ல பாக்டீரியாக்கள் பிள்ளையின் வயிற்றுக்குக் குடிபோகின்றன. பண்ணைக்குஞ்சுக்குத் தாய் ஏது? மெஷின் அடைகாக்கிறது. ட்ரேயில் பொரிகிறது. அட்டைப்பெட்டியில் ஏறி லாரியில் போகிறது. வயிறு காலி வீடு. முதலில் வருகிறவன் குடியேறிவிடுவான். அது சால்மொனெல்லாவாக இருந்தால் முடிந்தது கதை.

நுர்மி, ஆரோக்கியமான வளர்ந்த கோழியின் குடலில் இருப்பதை எடுத்து, பொரிந்த குஞ்சுகளுக்கு ஊட்டினார். அதன்பின் சால்மொனெல்லாவைக் கொடுத்தாலும் பெரும்பாலும் தங்கவில்லை. வீட்டில்தான் ஏற்கெனவே ஆள் இருக்கிறதே! 1973-ல் 'நேச்சர்' இதழில் வெளியானது. இன்றைக்குப் புரோபயாடிக் என்ற பெயரில் தீவனத்தில் கலக்கிற நல்ல பாக்டீரியா சமாச்சாரங்களுக்கு இது ஒரு பெரிய அஸ்திவாரம். தாய்க்கோழி இலவசமாகச் செய்துகொண்டிருந்த வேலையை, தாயைப் பிரித்தபிறகு பாக்கெட்டில் வாங்குகிறோம். அவ்வளவுதான் விஷயம்.

அடுத்தது அமிலங்கள். ஃபார்மிக் அமிலம், புரோப்பியானிக் அமிலம் மாதிரி. தீவனத்திலும் தண்ணீரிலும் அளவாகக் கலந்தால் கெட்ட கிருமி வளர இடம் கொடுப்பதில்லை. நாம் ஊறுகாயைக் கெடாமல் வைத்துக்கொள்கிறோமே, ஏறக்குறைய அந்தத் தத்துவம்.

மூன்றாவதாக வருபவர்தான் ஹீரோ மாதிரி போஸ்டரில் நிற்பவர். மூலிகை. அதிலும் ஓரிகானோ. பீட்சாவோடு பொட்டலம் கட்டித் தருகிறார்களே, அதேதான். அதன் எண்ணெயில் கார்வக்ரால், தைமால் என்று இரண்டு சரக்கு உண்டு. பாக்டீரியாவின் மேல்தோலைப் பொத்தலாக்கிவிடும். தைமால் நமக்குப் புதிசில்லை. நம் ஓமத்துக்கு அந்த வாசனையைக் கொடுப்பதே அதுதான். வயிறு சரியில்லை என்றால் பாட்டி ஓமத் தண்ணீர் கொடுத்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறமென்ன, ஆன்டிபயாடிக் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓமப் பையைத் திறந்துவிடலாமே என்றால், அங்கேதான் கதை இடிக்கிறது. சோதனைக் குழாயில் பிரமாதமாகக் கிருமியைக் கொல்கிற எண்ணெய், கொட்டகைக்குள் போனால் ஒரு பண்ணையில் பாஸ், இன்னொரு பண்ணையில் ஃபெயில். செடி வளர்ந்த மண், அறுவடை செய்த மாதம், எண்ணெய் எடுத்த விதம், எல்லாவற்றையும் பொறுத்துச் சரக்கின் வீரியம் மாறுகிறது. தீவனத்தைக் குருணையாக்குகிற சூட்டில் ஒரு பங்கு ஆவியாகிவிடும். மருந்து மாதிரி 'இத்தனை கிராம் போட்டால் இத்தனை பலன்' என்று அடித்துச் சொல்ல முடியாது.

அமெரிக்காவில் பெல் அண்ட் எவன்ஸ் என்ற கோழிக் கம்பெனி ஓரிகானோ எண்ணெய் போட்டு வளர்க்கிறது என்று 2012-ல் பெரிய செய்தியானது. அதன் முதலாளி ஸ்காட் செக்லர் எண்ணெயைப் புகழ்ந்தார். ஆனால், எண்ணெயை மட்டும் நம்பி அவர் கோழி வளர்க்கவில்லை. கொட்டகையைச் சுத்தமாக வைத்துக்கொள்வதும் காற்றோட்டமும் சேர்ந்தே அவர் பண்ணையின் ஏற்பாடு. செய்தியைப் படித்தவர்களில் பாதிப்பேர் ஓரிகானோவைப் பிடித்துக்கொண்டார்கள். துடைப்பம் யார் கண்ணிலும் படவில்லை.

*

இப்போது லாப நஷ்டக் கணக்குக்கு வருவோம். மருந்தை நிறுத்தினால் கோழி விலை எகிறிவிடும் என்பதுதானே ஐம்பது வருடப் பூச்சாண்டி?

டென்மார்க்கின் பிராய்லர் பண்ணைகள் 1998 பிப்ரவரியில் வளர்ச்சி ஆன்டிபயாடிக்குகளைத் தாங்களாகவே நிறுத்தின. ஆயிரக்கணக்கான பேட்ச்களின் கணக்கை வைத்துப் பார்த்தார்கள். ஒரு கிலோ கோழிக்குக் கூடுதலாகச் செலவான தீவனம் 16 கிராம். செத்துப்போன கோழிகளின் சதவிகிதம் கூடவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2002-ல் டென்மார்க்குக்கே போய் ஆராய்ந்துவிட்டு, கோழிப் பண்ணைக்காரர்களுக்கு நிகரச் செலவே இல்லை என்று சொன்னது. கூடுதல் தீவனச் செலவு, மருந்து வாங்காத மிச்சத்தில் நேராகிவிட்டது. பன்றி வளர்ப்பவர்களுக்குத்தான் கொஞ்சம் கையைக் கடித்தது.

அமெரிக்காவில் பெர்டியூ பெரிய கோழிக் கம்பெனி. சுமார் எழுபது லட்சம் கோழிகளை வைத்து மருந்தோடும் மருந்தில்லாமலும் வளர்த்துப் பார்த்தார்கள். அந்த எண்களை வைத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2007-ல் கணக்குப் போட்டார்கள். மருந்து போட்டதில் எடை கொஞ்சம் கூடியது உண்மை. ஆனால், மருந்தின் விலை அதைவிட அதிகம். கோழிக்கு ஒரு சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாக நஷ்டம்! ஐம்பது வருடமாக லாபம் என்று நினைத்துச் செய்த செலவு.

ஏன் இப்படி? 1948-ன் கொட்டகை வேறு, 2000-ன் கொட்டகை வேறு. காற்றோட்டம், வெப்பக் கட்டுப்பாடு, நல்ல ஜாதிக் குஞ்சு, தடுப்பூசி, சரிவிகிதத் தீவனம் எல்லாம் வந்துவிட்டன. மேரி கோட்ஸ் சொன்ன சுத்தமான இடத்தை நோக்கித் தொழில் தானாகவே பாதி தூரம் நடந்திருந்தது. மருந்துக்கு வேலை குறைந்துவிட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை.

பெர்டியூ அத்தோடு நிற்கவில்லை. முட்டைக்குள்ளேயே தடுப்பூசி போடும்போது, ஊசித் துளை வழியாகக் கிருமி போய்விடுமோ என்று கூடவே ஆன்டிபயாடிக்கும் ஏற்றுவது தொழிலின் வழக்கம். 2014-ல் அதையும் விட்டுவிட்டதாக அறிவித்தது. அதற்காகச் செய்தது என்ன? முட்டைகளும் குஞ்சு பொரிக்கிற இடமும் துப்புரவு. தீவனத்திலிருந்து மாமிசக் கழிவு நீக்கம். அதற்குப்பிறகு புரோபயாடிக், ஓரிகானோ. வரிசையைக் கவனித்தீர்களா? மூலிகை கடைசியில் வருகிறது.

எல்லாம் சுபம் என்று முடிக்கவும் முடியாது. 2023-ல் டைசன் என்கிற இன்னொரு பெரிய கம்பெனி, ஆன்டிபயாடிக்கே கிடையாது என்ற லேபிளைக் கைவிட்டது. அயனோஃபோர் என்ற ஒரு வகை மருந்து ரத்தக்கழிச்சல் நோய்க்குத் தேவைப்படுகிறது, மனித வைத்தியத்தில் அதற்கு இடமில்லை என்பது அவர்கள் வாதம். ஸ்வீடன் உள்பட ஐரோப்பாவிலும் அயனோஃபோர் தொடர்ந்து போடுகிறார்கள். அங்கே அதை ஆன்டிபயாடிக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆக, 'மருந்தில்லாக் கோழி' என்பதற்கு அமெரிக்காவில் ஓர் அர்த்தம், ஐரோப்பாவில் ஓர் அர்த்தம்.

*

நம் பக்கம் வருவோம். 2015 நவம்பரில் சீனாவிலிருந்து ஒரு செய்தி வந்து டாக்டர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. கோலிஸ்டின் என்ற பழைய மருந்து ஒன்று உண்டு. சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்று ஒதுக்கி வைத்திருந்து, வேறெதற்கும் கிருமி மசியாத ஐ.சி.யூ நோயாளிகளுக்குக் கடைசிக் கடைசியாகக் கொடுப்பது. அதையும் தோற்கடிக்கிற மரபணு ஒன்று, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறக்கூடிய ரகம், பன்றிகளிடமும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். கோலிஸ்டினைப் பன்றிக்கும் கோழிக்கும் டன் கணக்கில் தீவனத்தில் கொட்டியிருந்தார்கள். சீனா 2017-ல் வளர்ச்சிக்காக அதைப் போடுவதை நிறுத்தியது. 2020 ஜூலையிலிருந்து வளர்ச்சிக்கான எல்லா மருந்துகளையும் தீவனத்திலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டது, ஒரே ஒரு விதிவிலக்கோடு. அவர்களுடைய பாரம்பரிய மூலிகைகள்!

இந்தியா 2019 ஜூலையில் கோலிஸ்டினை உணவுக்கான கால்நடைகள், கோழிகள், மீன் பண்ணைகள், தீவனம் எல்லாவற்றிலும் தடை செய்தது. அதற்கு ஐந்து வருடம் முன்பு, 2014-ல், டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் தலைநகர் வட்டாரத்தில் 70 கோழிகளை வாங்கிச் சோதித்தது. 40 சதவிகிதத்தில் ஆன்டிபயாடிக் மிச்சம் இருந்தது.

உடனே சிக்கன் 65-ஐத் தட்டிலிருந்து தள்ளிவிடாதீர்கள். நன்றாக வெந்த கறியில் கிருமி சாகும். பெரிய ஆபத்து, பச்சைக் கறியை நறுக்கிய அதே பலகையில் வெள்ளரிக்காய் நறுக்குவதிலும், பண்ணைக் கழிவுநீரிலும், வயலுக்குப் போகிற கோழி எருவிலும், பண்ணையில் வேலை செய்கிறவரின் கையிலும் இருக்கிறது. மருந்துக்கு மசியாத பாக்டீரியாக்களால் 2019-ம் வருடத்தில் மட்டும் உலகத்தில் நேரடியாகச் செத்தவர்கள் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று 'லான்செட்' இதழ் 2022-ல் மதிப்பிட்டது. மனிதர்களுக்குக் கண்டபடி மாத்திரை கொடுப்பதுதான் இதில் பெரிய பங்கு. ஆனால், பண்ணைக்கும் ஒரு பங்கு உண்டு. 1948-லிருந்து யார் நோட்டிலும் ஏறாமல் இருந்த செலவு, ஆஸ்பத்திரி பில்லாக வந்து சேர்ந்திருக்கிறது. கோழியே சாப்பிடாதவர் வீட்டுக்கும்தான்.

பல்லடம், உடுமலைப் பக்கம் ஒப்பந்தத்துக்குக் கோழி வளர்க்கிறவரைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. குஞ்சு கம்பெனியுடையது, தீவனம் கம்பெனியுடையது, மருந்தும் கம்பெனியுடையது. அவருடையது கொட்டகையும் உழைப்பும். கிடைப்பது வளர்ப்புக் கூலி. தீவனப் பையில் என்ன இருக்கிறது என்று முடிவு செய்வது அவர் அல்ல. கொட்டகையில் ஆயிரம் கோழி குறைத்து விடலாமா, இரண்டு பேட்ச்சுக்கு நடுவே இன்னும் ஒரு வாரம் காலியாகப் போட்டுக் காயவிடலாமா என்று அவர் நினைத்தாலும், அதற்கான கூலியை யாராவது தரவேண்டும்.

தங்கத்தூளைத் தின்று வளர்ந்த கோழியின் மலிவு விலையில்தான் நாம் பழகியிருக்கிறோம். அதை மாற்ற ஓமமும் ஓரிகானோவும் நல்ல பாக்டீரியாவும் உதவும், சந்தேகமில்லை. உதவிக்கு வருகிறவர்களை முதலாளி ஆக்கிவிடாமல் இருந்தால் சரி. எனவே, அடுத்த தடவை 'மூலிகைக் கோழி' என்று போர்டு பார்த்தால் கடைக்காரரிடம் என்ன மூலிகை என்று கேட்காதீர்கள். ஒரு சதுர அடிக்கு எத்தனை கோழி, ஒரு பேட்ச் முடிந்தால் கொட்டகையை எத்தனை நாள் காயப்போடுகிறார்கள் என்று கேளுங்கள். பதில் தெரிந்த கடைக்காரர் கிடைத்தால், அவர் கூடுதலாகக் கேட்கிற பத்து ரூபாயைத் தாராளமாகக் கொடுக்கலாம்.